மூன்றாவது கையெழுத்து

அத்தியாயம் 14

படுக்கையறை ஜன்னல் திறக்கவில்லை.

ஒடெஸா இரண்டு உள்ளங்கைகளையும் சட்டத்துக்குக் கீழே கொடுத்து மேலே தள்ளிப் பார்த்தாள். இம்மியும் அசையவில்லை. முந்தாநாள் வந்த பெயின்டர் சட்டத்தையும் நிலையையும் சேர்த்து ஒரே பூச்சாகப் பூசிவிட்டுப் போயிருந்தான். பெயின்ட் காய்ந்து இரண்டையும் ஒட்டவைத்துவிட்டது.

மணி ஏழு பத்து. எட்டு மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் வீட்டுவசதி அலுவலகத்து இன்ஸ்பெக்டர் வரலாம். அடுத்த வாரம் நடக்க வேண்டிய சோதனையை இன்றைக்கே மாற்றிவிட்டதாக நேற்று மாலைதான் போன் வந்தது. பள்ளிக்கூடச் சமையலறைக்கு லீவு சொல்லிவிட்டு, விடியும்போதே கணவனைக் காரில் ஏற்றிக்கொண்டு, வாடகைக்குப் பார்த்து, சோதனைக்காகத் திறந்துவைத்திருந்த இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மேப்பிள் கோர்ட் குடியிருப்பை இடிக்கப்போகிறோம் என்று அரசு நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து அவளுக்கு ஒழுங்கான தூக்கம் கிடையாது. இருநூறு குடும்பங்களுக்கும் ஆளுக்கொரு வாடகைச் சீட்டு கொடுத்திருந்தார்கள். எங்கே வேண்டுமானாலும் வீடு பார்த்துக்கொள், வாடகையில் பெரும் பங்கை நாங்கள் கட்டிவிடுகிறோம் என்று சொல்லும் சீட்டு; வீடு மட்டும் அவர்கள் சோதனையில் தேற வேண்டும். நூற்றிருபது நாளில் வீடு கிடைக்காவிட்டால் அது வெறும் காகிதம். சார்லட் நகரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஆனால் நாற்பத்தொரு வீட்டுக்காரர்கள் சீட்டு என்ற வார்த்தையைக் கேட்டதுமே போனை வைத்துவிட்டார்கள்.

நாற்பத்திரண்டாவது ஆள் சைஸ்மோர். அவரும் சரி என்று சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார். பார்த்துப் பார்த்து இருபத்துமூன்று நாள் ஆகிவிட்டது. நேற்று ராத்திரி போனில் அவர் சொன்னது இன்னும் காதிலேயே இருந்தது.

"நாளைக்குப் பாஸ் ஆச்சுன்னா வீடு உங்களுக்கு. ஆகலைன்னா கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். அவனுக்குக் குடுத்துருவேன். என்மேல வருத்தப்படக் கூடாது."

சீட்டின் கெடு வெள்ளிக்கிழமை முடிகிறது. இன்றைக்குச் செவ்வாய்.

கைப்பையில் வெண்ணெய்க் கத்தி ஒன்று வைத்திருந்தாள். அதன் நுனியால் பெயின்ட் பூச்சைச் சட்டத்தின் ஓரமாகக் கீறத் தொடங்கினாள். வெள்ளைச் செதில்கள் தரையில் உதிர்ந்தன. முக்கால் மணி நேரம் கீறிய பிறகு மறுபடி தள்ளினாள். படக்கென்று ஒரு சத்தம். ஜன்னல் மேலே ஏறியது.

கையை எடுத்தாள். தொப்பென்று கீழே விழுந்தது.

மறுபடி ஏற்றினாள். மறுபடி விழுந்தது. அதே நேரம் வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

வந்த இன்ஸ்பெக்டர் கீன்டானா என்ற ஐம்பது வயதுப் பெண். பேச்சே கிடையாது. அடுப்பின் நான்கு பர்னரையும் ஒவ்வொன்றாகப் பற்றவைத்தாள். வெந்நீர்க் குழாயில் விரலை நீட்டினாள். புகை மணியை அழுத்தி அலறவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் கையிலிருந்த டேப்லெட்டில் ஒரு தட்டு. பின்னாலேயே நடந்த ஒடெஸா அந்தத் தட்டுகளை எண்ணிக்கொண்டே வந்தாள்.

"இந்த ரூம்ல யாரு படுப்பாங்க?"

"எங்க பொண்ணு. இருபத்திரண்டு வயசு."

கீன்டானா ஜன்னலை ஏற்றினாள். கையை எடுத்தாள். விழுந்தது. இந்த முறை தட்டவில்லை.

"இது தானா நிக்கணும்."

"ஒரு கட்டையை முட்டுக் குடுத்துக்கறோம் மேடம்."

"கட்டை செல்லாதும்மா. தீ கீ புடிச்சா ஒரு கையால ஜன்னலைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே வெளிய குதிப்பாளா உங்க பொண்ணு? மறு சோதனைக்குப் பத்து வேலை நாள் ஆகும். மத்ததெல்லாம் சரியா இருக்கு."

பத்து நாள். அழக் கூடாது என்று வாசலிலேயே தீர்மானித்திருந்ததால் குரலை இறுக்கிக்கொண்டு பேசினாள்.

"பத்து நாள் எங்களுக்காக வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டார் மேடம். வெள்ளிக்கிழமையோட என் சீட்டு முடியுது. பொய் சொல்லல, பாருங்க."

சீட்டை எடுத்து நீட்டினாள். கீன்டானா அதை வாங்கவில்லை. ஆனால் தேதியைப் பார்த்தாள்.

"பின்னாடித் தெருவுல எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு. முடிச்சுட்டுப் பதினொன்றரைக்கு இந்த வழியாத்தான் போவேன். அதுவரைக்கும் ரிப்போர்ட்டை மூட மாட்டேன். இதை நான் செஞ்சதா வெளிய சொல்லிட்டுத் திரியாதீங்க."

வெளியே கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவள் கணவன் கிளிஃப்டன் ரொட்டிக்குள் பொரித்த இறைச்சித் துண்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஐந்து வருஷத்துக்கு முன்பு கிடங்கில் சரக்குத் தூக்கி வண்டி சாய்ந்து வலது முழங்கால் நசுங்கியதிலிருந்து கைத்தடி இல்லாமல் அவனால் நடக்க முடியாது. வண்டியும் ஓட்ட முடியாது. அவனுக்காகத்தான் தரைத்தள வீடாகத் தேடினாள்.

"ஃபெயிலா?"

"ஜன்னல் நிக்க மாட்டேங்குது. ஏத்தினா விழுது."

"கயிறு அந்துபோயிருக்கும்."

"உள்ள வரவே இல்ல, உனக்கு எப்படித் தெரியும்?"

"பழைய வீடுல்ல. நிலைக்குள்ள ஒரு இரும்புக் குண்டு கயித்துல தொங்கிக்கிட்டிருக்கும். அதோட கனம்தான் ஜன்னலைப் புடிச்சு நிறுத்துறது. எங்கப்பன் வீட்ல ஏழு ஜன்னல் இருந்துச்சு. ஏழையும் நான்தான் மாத்துனேன்." கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு கைத்தடியை ஊன்றினான். "நீ கடைக்குப் போய்க் கால் அங்குலப் பருத்திக் கயிறு வாங்கிட்டு வா. பன்னெண்டு அடி. நைலான் குடுத்தான்னா வேணாம்னு சொல்லிடு, இழுபட்டு நீண்டுடும்."

"தரையில உக்காரணும் க்ளிஃப். உன்னால முடியாது."

"உக்காந்துருவேன். எந்திரிக்கறதைப் பத்தி அப்பறம் யோசிக்கலாம்."

கடையில் வரிசை நீளமாக இருந்தது. நின்றபடியே மகள் ஜனெலுக்குப் போன் செய்தாள். காலையிலிருந்து நாலாவது தடவை. அணைத்துவைத்திருந்தாள். விமான நிலையத்துக் காபிக் கடையில் அவளுக்குக் காலை ஷிப்ட். வேலை நேரத்தில்கூட ஒரு வார்த்தை எழுதிப் போடுவாளே. மூன்றரை மணிக்கு அவள் வீட்டுவசதி அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். வீட்டில் பதினெட்டு வயது தாண்டிய அத்தனை பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். கிளிஃப்டனுக்கும் ஒடெஸாவுக்கும் ஓர் அறை, ஜனெலுக்கு ஓர் அறை. சீட்டு இரண்டு படுக்கையறைக்கு.

திரும்பி வந்தபோது வாசலில் சைஸ்மோரின் வண்டி நின்றது. ஒடெஸா காரைச் சரியாகக்கூட நிறுத்தாமல் இறங்கி ஓடினாள்.

அறையில் கிளிஃப்டன் தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தான். நிலையின் பக்கப் பலகை கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. சைஸ்மோர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே நின்றார். எழுபதை நெருங்கிய ஒல்லி மனிதர்.

"யாரைக் கேட்டுங்க என் ஜன்னலைப் பேத்துப் போட்டிருக்கீங்க?"

"பேக்கல. நாலு திருகாணி. கழட்டினதை மறுபடி மாட்டிருவேன்."

"ஃபெயில் ஆயிடுச்சுல்ல? அப்பறம் எதுக்கு இந்த வேலை?"

அந்தக் கேள்வியில் ஒரு நிம்மதி ஒளிந்திருந்ததுபோல் ஒடெஸாவுக்குத் தோன்றியது. கயிற்றுச் சுருளைக் கணவன் மடியில் போட்டுவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"மிஸ்டர் சைஸ்மோர், எங்களுக்குக் குடுக்க மனசு இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. இவர் முழங்காலை இதுக்குமேல கெடுத்துக்க வேண்டாம்."

அவர் ஜன்னலைப் பார்த்தார், தரையில் கிடந்த பெயின்ட் செதில்களைப் பார்த்தார்.

"மனசு கினசெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அந்தப் பையன்னா ஒரு தாளு, ஒரு கையெழுத்து, முடிஞ்சுது. உங்க ஆபீஸ் என்கிட்ட பதினெட்டுத் தாள் வாங்கியிருக்கு. என் வாயில பல்லு எத்தனைன்னு மட்டும்தான் இன்னும் கேக்கல."

"பேசி முடிச்சாச்சுன்னா இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் புடிங்க சார்" என்றான் கிளிஃப்டன். "ரெண்டு கை பத்தல எனக்கு."

சைஸ்மோர் முணுமுணுத்துக்கொண்டே சட்டத்தைப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "முடிச்சை அப்படிப் போடாதய்யா, கப்பியில சிக்கும்" என்றார். அதற்கும் கொஞ்சம் கழித்துத் தன் வண்டிக்குப் போய் மெழுகுக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து பள்ளங்களில் தேய்த்தார். வேலை என்று வந்துவிட்டால் அரைகுறையாக விட அவருக்கு மனம் வராது போலிருக்கிறது.

பதினொன்றரைக்குக் கீன்டானா வரவில்லை. பதினொன்று நாற்பதுக்கும் வரவில்லை. ஒடெஸா தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒருவேளை வேறு வழியாகப் போய்விட்டாளோ. பத்து தடவை ஜன்னலை ஏற்றி ஏற்றி இறக்கினாள்.

"நீயே தேய்ச்சுத் தீத்துருவ போலிருக்கு. விடு" என்றான் கிளிஃப்டன்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்குக் கீன்டானா வந்தாள். ஜன்னலை ஏற்றினாள். கையை எடுத்தாள். நின்றது. இன்னொரு முறை பாதியில் விட்டுப் பார்த்தாள். அங்கேயும் நின்றது. டேப்லெட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"பாஸா?" என்று கேட்டார் சைஸ்மோர்.

"பாஸ்" என்றாள் ஒடெஸா.

"அஞ்சு மணிக்கு வந்து சாவியை வாங்கிக்கங்க. கையெழுத்துப் போட்ட தாளோட வாங்க." வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்தார். "நல்ல முடிச்சுய்யா" என்று கிளிஃப்டனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கிளிஃப்டனைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்த ஐந்து நிமிஷம் ஆயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தவன் அவள் தோளிலேயே கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றான். வியர்வையில் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"ஒரு வாரத்துக்கு என்னைக் குப்பை போடச் சொல்லாத."

"நீ எப்ப போட்ட, இப்ப நிறுத்தறதுக்கு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்த நாலு மாதத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்த ஞாபகம் அவளுக்கு இல்லை.

ஒன்றரை மணிக்கு ஜனெலிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. மூன்றரைக்கு வந்துவிடுகிறேன்.

வீட்டுவசதி அலுவலகத்துக்குக் காபிக் கடைச் சீருடையோடுதான் வந்தாள். கண்ணிமைகள் வீங்கியிருந்தன.

"போனை எதுக்கு வெச்சிருக்க, அழகுக்கா?"

"சார்ஜ் இல்லம்மா."

"பொய் சொன்னா உன் மூக்கு சிவக்கும். இப்பச் சிவந்திருக்கு."

"விடும்மா. வந்துட்டேன்ல. வீடு பாஸ் ஆயிடுச்சா?"

"உங்கப்பன் பாஸ் பண்ண வெச்சான்" என்று கிளிஃப்டன் தன்னையே சொல்லிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தான். நாலு மணிக்குத்தான் அவர்களைக் கூப்பிட்டார்கள்.

கவுண்டரில் இருந்த ரென்ஃப்ரோ மேடம் அவர்கள் குடும்பத்தின் கோப்பை நோட்டீஸ் வந்த நாள் முதல் பார்த்துவருகிறவள். ஒப்பந்தத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். ஒடெஸா கையெழுத்துப் போட்டாள். கிளிஃப்டன் போட்டான். பேனா ஜனெலின் கைக்குப் போனது.

"ஒரு நிமிஷம்" என்றாள் ரென்ஃப்ரோ, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி. "ஜனெல் ப்ரூயிட்... இது நீதானம்மா? உன் பேர் இன்னொரு இடத்துலயும் வருதே."

ஜனெல் நிமிரவில்லை. "அதை விட்டுடுங்க மேடம்."

"விட முடியாதே. ஜூனிப்பர் கட்டடம், ஒன்பதாவது மாடி, ஒத்தை ஆள் வீடு. குலுக்கல்ல உனக்கு விழுந்திருக்கு. வியாழக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்னு போட்டிருக்கு. ஒருத்தர் பேர் ரெண்டு இடத்துல இருக்கக் கூடாதும்மா. இதுல நீ கையெழுத்துப் போட்டா அது அடுத்த ஆளுக்குப் போயிடும். தெரிஞ்சுதான் போடறியா?"

ஜூனிப்பர் எதுவென்று சொல்லத் தேவையில்லை. மேப்பிள் கோர்ட்டின் விளையாட்டு மைதானத்தைத் தோண்டி எழுப்பிய பன்னிரண்டு மாடி. அதில் குறைந்த சம்பளக்காரர்களுக்கென்று அறுபது வீடு ஒதுக்கினார்கள். அதற்கான குலுக்கலுக்கு இரண்டாயிரம் பேர் விண்ணப்பம் போட்டதாகப் பேப்பரில் வந்தது. தன் மகள் அதில் ஒருத்தி என்பது ஒடெஸாவுக்குத் தெரியாது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"எட்டு நாளாச்சு."

"எட்டு நாளா ஒரே வீட்ல சாப்பிட்டுத் தூங்கியிருக்க."

"சொல்லி என்ன பண்றது? நான் போனா உங்க சீட்டு ஒரு படுக்கையறைக்குக் குறைஞ்சிடும். இந்த வீடு கிடைக்காது. கணக்கு எனக்குப் போட வராதாம்மா?" பேனாவை விரல்களுக்கிடையில் உருட்டினாள். "வேணாம்னு எழுதிக் குடுக்கத்தான் காலைல ஜூனிப்பருக்குப் போனேன். அங்க இருந்த பொண்ணு, ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்களேன்னு மேல கூட்டிட்டுப் போயிட்டா. அதான் போனை அணைச்சு வெச்சேன்."

"எழுதிக் குடுத்தியா?"

ஜனெல் ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கேட்டேன். எழுதிக் குடுத்தியா?"

"இல்ல."

கிளிஃப்டன் முன்னால் சாய்ந்தான். குரல் தணிவாகவே இருந்தது. "போடு கண்ணு. அது ஒத்தை ரூம். இது வீடு. மூணு பேரும் ஒண்ணா இருப்போம். நேரம் வரும்போது வேற குலுக்கல் வரும்."

"வராது" என்றாள் ஒடெஸா.

பதினெட்டு வயதில் அவள் பெயர் அவளுடைய அம்மாவின் வாடகைத் தாளில் மூன்றாவதாக இருந்தது. இருபத்திரண்டில் கிளிஃப்டனின் தாளில் இரண்டாவதாக ஏறியது. நாற்பத்தாறு வயதில், இந்த வாடகைச் சீட்டில்தான் முதல்முறையாக முதல் வரிக்கு வந்தாள். அதுவும் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். ஜனெல் குனிந்து பேனாவைக் காகிதத்தில் வைத்தபோது, ஒடெஸா தன் உள்ளங்கையை அந்த வரியின் மேல் வைத்தாள்.

"எடும்மா கையை."

"அந்த வீடு புடிச்சிருந்துச்சா உனக்கு?"

"அம்மா, ப்ளீஸ்."

"புடிச்சிருந்துச்சா?"

ஜனெலின் வாய் கோணியது. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒடெஸா கவுண்டரைப் பார்த்தாள். "ரென்ஃப்ரோ மேடம், ஒரு படுக்கையறைச் சீட்டா மாத்தினா எனக்கு எத்தனை நாள் கிடைக்கும்?"

"புதுசா நாள் கிடைக்காது ஒடெஸா. அதே தேதிதான். வெள்ளிக்கிழமை, அஞ்சு மணி." அவள் தயங்கினாள். "யோசிச்சுக்கங்க. மாத்தினதைத் திரும்ப மாத்த முடியாது."

"இன்னைக்கு நான் எதுக்குத் தரையில கெடந்தேன்?" என்றான் கிளிஃப்டன்.

அவன் அவளைப் பார்த்துத்தான் கேட்டான். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியும் க்ளிஃப்."

"தெரியாது உனக்கு. தெரிஞ்சா இப்படிப் பேச மாட்ட. மூணு நாள்ல எங்க தேடுவ? நாலு மாசத்துல கிடைக்காதது மூணு நாள்ல கிடைக்குமா? சனிக்கிழமை இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் கார்ல படுக்கறதா?"

"அவளுக்கு விழுந்திருக்கு. அவ பேருக்கு. அதைப் புடுங்கி நாம போத்திக்கறதா?"

"நாம புடுங்கல. அவளா குடுக்கறா."

"அவ குடுக்கறான்னா நாம வாங்கிக்கணுமா?"

கிளிஃப்டன் கைத்தடியை எடுத்தான். ஜனெல் தாங்கிப் பிடிக்கப் போனாள். அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தானே எழுந்து கதவைப் பார்த்து நடந்தான். காலையில் தரையில் மடங்கிய கால் ஒவ்வோர் அடிக்கும் இழுத்தது.

"ஒடெஸா" என்றாள் ரென்ஃப்ரோ. "நாலரைக்குக் கவுண்டரை மூடணும்."

"மாத்திடுங்க."

"அம்மா, வேணாம்."

"மாத்திடுங்க மேடம்."

இரண்டு கையெழுத்துகள் இருந்த ஒப்பந்தத்தை ரென்ஃப்ரோ தன் பக்கம் இழுத்து, நடுவில் ஒரு கோடு கிழித்தாள். புதுச் சீட்டு அச்சாகி வர ஆறு நிமிஷம் ஆனது. அதில் ஒடெஸா தனியாகக் கையெழுத்திட்டாள்.

வெளியே வந்தபோது காருக்குப் பக்கத்தில் கிளிஃப்டன் இல்லை. எதிர்ப்புறம் பேருந்து நின்றுகொண்டிருந்தது. முன்பக்க இருக்கையில் கைத்தடியை முழங்காலுக்கிடையில் நிறுத்தி அவன் உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. ஜனெல் சாலையோரம் வரை ஓடி, "அப்பா" என்று கூப்பிட்டாள். அவன் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. கதவு மூடிக்கொண்டு பேருந்து நகர்ந்தது.

அது மேப்பிள் கோர்ட்டுக்குப் போகும் பேருந்து இல்லை. கிழக்கே, அவன் அண்ணன் வீட்டுப் பக்கம் போவது. அந்த அண்ணனோடு அவன் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

ஒடெஸாவின் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். சைஸ்மோர். மணி நாலே முக்கால்.

"சாவிக்காகக் கூப்பிடறார்" என்றாள் ஜனெல். "என்னம்மா சொல்லப்போற அவர்கிட்ட?"

ஒடெஸாவுக்குத் தெரியவில்லை. போனைக் காதில் வைத்தாள்.